அப்பாயி ஏன் கோல் எடுக்கல?

கேள்வி: என் அம்மா இறந்து இரண்டு மாதம். மனைவி குவைத்தில் வேலை. ஐந்து வயது மகனை அம்மாதான் வளர்த்தார். சாவன்று அவன் அழவில்லை, லயத்து வாசலில் பந்து விளையாடினான். "அப்பாயி வெளியூர் போயிருக்கு" என்று சொல்லிவைத்தோம். இப்போது படுக்கையை நனைக்கிறான். அப்பாயியின் கம்பளி இல்லாமல் தூங்குவதில்லை. "அப்பாயி ஏன் கோல் எடுக்கல?" என்கிறான். அவன் அம்மா வீடியோ கோலில் வந்தால் ஓடிவிடுகிறான். பாசமே இல்லாத பிள்ளையா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: பாசமில்லாத பிள்ளைக்கு அந்தக் கம்பளி எதற்கு?

உங்களுக்குப் போனது பெற்ற தாய். அவனுக்கோ காலையில் ரொட்டி சுட்டுக் கொடுத்தவர், இரவில் பயந்தால் இழுத்து அணைத்தவர் போய்விட்டார். பிள்ளைகள் உறவுமுறை பார்த்து ஒட்டுவதில்லை. நாம் துக்கத்தை நாள் முழுக்கச் சுமப்போம். அந்த வயதில் அது முடியாது. கொஞ்சம் அழும், விளையாட ஓடும், இரவில் மறுபடி கேட்கும்.

சின்னப் பிள்ளைகள் சாவைத் திரும்பி வரக்கூடிய பயணமாக நினைப்பதை ஹங்கேரிய உளவியலாளர் மரியா நாகி 1948இலேயே எழுதினார். உங்கள் மகனுக்குத் தெரிந்த வெளியூர் குவைத்தான். அங்கே போனவர் கோல் எடுப்பார். அப்பாயி எடுக்காததால், தன்மேல் கோபமோ என்று அவன் நினைக்கலாம். அம்மாவும் ஒருநாள் இப்படி நின்றுவிடுவாரோ என்ற பயமும் இருக்கும்.

அவன் ஓடுவதை மனைவி மனதில் வைக்க வேண்டாம். நீண்ட பிரிவில் பிள்ளை முதலில் அழும், பிறகு சோரும், கடைசியில் ஒட்டாததுபோல் இருக்கும். பிரித்தானிய ஆய்வாளர்கள் ஜோன் போல்பியும் ஜேம்ஸ் ரொபட்சனும் 1950களில் இதை விவரித்திருக்கிறார்கள். மனைவி ஊர் வந்ததும் மகன் உங்கள் பின்னால் ஒளிந்தால், இழுத்துக் கொடுக்காதீர்கள்.

இன்றே சொல்லுங்கள்: "அப்பாயி செத்துப்போச்சு. இனி மூச்சு விடாது, திரும்பி வராது. நீ ஒண்ணும் செய்யல." "தூங்குது" என்று சொன்னால் அவன் தூங்கவே பயப்படுவான். திரும்பத் திரும்பக் கேட்பான், அதே பதிலைச் சொல்லுங்கள். இனி யார் குளிப்பாட்டுவார், முன்பள்ளிக்கு யார் கூட்டிப்போவார் என்பதையும் சொல்லுங்கள்; அவனுடைய பெரிய கவலை அதுதான். கம்பளியைப் பறிக்காதீர்கள், இப்போதைக்குத் துவைக்கவும் வேண்டாம். அந்த மணத்துக்காகத்தான் வைத்திருக்கிறான்.

படுக்கை நனைவதற்குத் திட்ட வேண்டாம். ஆனால் சிறுநீரை ஒருமுறை பரிசோதியுங்கள். அதிகம் தண்ணீர் குடித்து மெலிந்தால் அன்றே இரத்தச் சீனி பார்க்க வேண்டும். சாப்பாட்டை வெறுத்தாலோ, "அப்பாயிகிட்ட போகணும்" என்று விடாமல் சொன்னாலோ ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிப்போங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கத்துக்கும் பேசலாம்.