பாதாள அறையில் இப்போது மணி என்ன?

பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நடத்திச் செல்லும் மேசை விளையாட்டில் ஒரு சண்டையை விளையாடி முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. கதைக்குள் எவ்வளவு நேரம் போயிருக்கும்? (வேளச்சேரி வாசகர்)

அந்த வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், எல்லோரும் ஒருமுறை செயல்படும் ஒரு சுற்றுக்கு 6 விநாடி. ஐந்து சுற்றில் முடிந்தால் அரை நிமிடம்தான். ஆனால் காயத்துக்குக் கட்டுப்போடுவது, பிணங்களின் பைகளைத் துழாவுவது, அடுத்து எந்தக் கதவு என்ற வாக்குவாதம் எல்லாம் இருக்கிறதே! மொத்தமாக 10 நிமிடம் என்று எழுதிவிடுங்கள்.

தீப்பந்தம் எவ்வளவு நேரம் எரிந்தது என்று நிமிடம் நிமிடமாக எண்ண வேண்டுமா? (அண்ணா நகர் வாசகர்)

வேண்டாம். பழைய பதிப்புகளில் 10 நிமிடம் ஓர் அலகு. ஒரு பந்தம் ஆறு அலகு எரியும். தாளில் ஆறு கட்டம் வரையுங்கள். அறையைச் சோதித்தாலோ, சுவரைத் தட்டிப் பார்த்தாலோ ஒரு கட்டத்தை அடியுங்கள். இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை பகடை உருட்டி, ஏதாவது பூதம் அந்தப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். தாள் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். மறைத்து வைத்தால் பதற்றம் உங்களுக்கு மட்டும்தான். ஷேடோடார்க் ஆட்டத்தில் பந்தம் நிஜக் கடிகாரப்படியே ஒரு மணி நேரம் எரியும். அரட்டை அடங்கும், உண்மைதான். சமையலறையிலிருந்து பஜ்ஜி வந்துகொண்டே இருக்கும் வீடுகளில் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சோழர் காலச் சாயலில் ஓர் உலகம் அமைத்திருக்கிறேன். மணிக்கணக்கு ஒட்டவே இல்லை. (மயிலாப்பூர் வாசகர்)

கையில் வெண்ணெய் இருக்கிறதே! காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்ற ஆறு சிறுபொழுதுகளும் தலா 10 நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். காட்டுப் பயணங்களுக்குப் பல நடத்துநர்கள் (ஆட்டத்தில் கதையை நடத்துபவர்கள்) நாளைப் பிரிப்பதும் இதே ஆறு பங்காகத்தான். காலையும் நண்பகலும் நடந்தால் எட்டு மணி நேரம். ஐந்தாம் பதிப்பின் சாதாரண நடைக்கு 24 மைல். யாமமும் வைகறையும் உறங்கினால், பாத்திரங்கள் இழந்த பலத்தை மீட்கும் எட்டு மணி நேர ‘நீண்ட ஓய்வு’ முடிந்தது. கூதிர்காலமான ஐப்பசி, கார்த்திகையில் ஆற்றைக் கடக்க இரட்டிப்பு நேரம் வையுங்கள். சென்னைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. பாதாளத்துக்குள் மட்டும் நாழிகையைக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பந்தத்துக்கு இரண்டரை நாழிகை என்று பின்னத்தில் வந்து நிற்கும்.

தேர்வுகளால் ஆட்டம் இரண்டு மாதம் நின்றது. கதையிலும் அத்தனை நாள் ஓட வேண்டுமா? (தாம்பரம் வாசகர்)

ஆடாத நாட்களில் நிஜ நாள் ஒன்றுக்கு ஆட்ட நாள் ஒன்று என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் எழுதிய நடத்துநர் கையேட்டின் யோசனை. ஒரே உலகில் பல குழுக்கள் ஆடும்போது அது அவசியம். உங்களுடையது ஒரே குழுவென்றால், பாதாளத்தின் நடுவே நிறுத்தியிருந்தால் விட்ட இடத்திலேயே தொடருங்கள். ஊரில் நிறுத்தியிருந்தால் நாட்கள் ஓடட்டும். எதிரியும் சும்மா இருக்க மாட்டான்.

ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் என் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்கப் படுத்துவிடுகிறார்கள்! (பெரம்பூர் வாசகர்)

2014 விதிநூல்படி 24 மணி நேரத்தில் ஒரு நீண்ட ஓய்வுக்குத்தான் பலன் உண்டு. அதைச் சொல்லியும் படுத்தால், அவர்கள் எழுவதற்குள், கதையில் அவர்கள் மீட்க வேண்டிய, கடத்தப்பட்ட வணிகரைக் கப்பலேற்றிவிடுங்கள்.