இலவசமாகக் கொடுத்த லைப்ரரிக்கு இன்வாய்ஸ் போடலாமா?

கேள்வி: பிடிஎஃப் கோப்புகளில் உள்ள அட்டவணைகளைப் பிரித்தெடுத்து எக்செல்லாகத் தரும் பைத்தான் லைப்ரரி (பிற நிரல்களில் சேர்த்துக்கொள்ளும் தொகுப்பு) ஒன்றை, யாரும் இலவசமாகப் பயன்படுத்த அனுமதிக்கும் எம்ஐடி லைசென்ஸில், நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். மாதம் 40,000 டவுன்லோடு. பெரிய கம்பெனிக்காரர்கள்கூட 'அவசரம்' என்று இஷ்யூ (பிழைப் புகார்) போடுகிறார்கள். நன்கொடை பட்டன் வைத்து எட்டு மாதத்தில் வந்தது 3,100 ரூபாய். இலவசமாகக் கொடுத்ததற்குப் பணம் கேட்பது முறையா, கேட்டால் வருமா? ஒரு கம்பெனியில் வேலையும் பார்க்கிறேன்.

பதில்: முறைதான். யாரும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1985-ல் ஈமேக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றார். அந்த இயக்கத்தின் முதல் வருமானங்களில் அதுவும் ஒன்று. 'கட்டற்ற', 'இலவச' இரண்டுக்கும் ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால் அங்கே குழப்பம். தமிழில் தனித்தனிச் சொல் இருந்தும் நாமும் குழப்பிக்கொள்கிறோம்.

வருமா என்பதுதான் கஷ்டமான பாதி. நிரல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. கையில் இருப்பதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். நன்கொடையை நம்பவே வேண்டாம். இணையத் தொடர்பைப் பூட்டிக் காக்கும், இணையத்தின் பாதியைத் தாங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்கே 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவரும்வரை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்தது. கம்பெனியில் இருப்பவருக்கு மனசு இல்லாமல் இல்லை. 'நன்கொடை' என்ற தலைப்பில் பில் போட அவருடைய அக்கவுன்ட்ஸ் பிரிவில் இடம் இல்லை. 'சப்போர்ட்' என்ற தலைப்பில் இடம் உண்டு.

டவுன்லோடு எண்ணிக்கையையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தானியங்கிச் சோதனை ஓடும் ஒவ்வொரு முறையும் சர்வர் உங்கள் லைப்ரரியைப் புதிதாக இறக்கும். ஐந்து பேர் கொண்ட ஒரே குழு மாதம் ஆயிரக்கணக்கில் ஏற்றிவிடும். அதைவிடப் பயனுள்ளது, கடந்த ஓராண்டு இஷ்யூக்களைத் திறந்து, எழுதியவரின் புரொஃபைலில் கம்பெனிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியல் போடுவது. பதினைந்து கம்பெனி தேறினால் போதும், அதுதான் உங்கள் சந்தை.

விற்பதற்கு முன் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிடிஎஃபைப் படிக்க பிடிஎஃப்மைனர்.சிக்ஸ் பயன்படுத்தினால் அது எம்ஐடி, பைபிடிஎஃப் என்றால் அதைப் போலவே தளர்வான பிஎஸ்டி லைசென்ஸ், சிக்கல் இல்லை. பைமியூபிடிஎஃப் என்றால் அது ஏஜிபிஎல், அதாவது அதைச் சேர்த்து வெளியிடும் அல்லது இணையச் சேவையாக நடத்தும் நிரலையும் அதே நிபந்தனையில் திறந்து தரச் சொல்லும் லைசென்ஸ். அதை உருவாக்கும் ஆர்ட்டிஃபெக்ஸ் நிறுவனம் ஏஜிபிஎல் நிபந்தனை வேண்டாதவர்களுக்கு அதையே விலை லைசென்ஸில் விற்கிறது. உங்கள் வாடிக்கையாளரின் வக்கீல் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

இனி விற்கும் பொருள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் 'வணிக சப்போர்ட்' என்று ஒரு பத்தி சேருங்கள். இப்படி இருக்கலாம்: "ஆண்டுக்கு 1,500 டாலர். பக் (பிழை) பற்றிய மெயிலுக்கு இரண்டு வேலை நாளில் பதில். ஆண்டில் 10 மணி நேர வேலை அடக்கம். அதற்கு மேல் மணிக்கு 80 டாலர். புதிய பைத்தான் பதிப்பு வந்த 60 நாளுக்குள் அதில் ஓடும் ரிலீஸ். புதிய வசதிகள் அடங்காது. இன்வாய்ஸ் தரப்படும்."

'பதில்' என்றுதான் இருக்கிறது, 'சரிசெய்தல்' என்று இல்லை, கவனியுங்கள். பெரும்பாலான பிடிஎஃபுக்குள் அட்டவணை என்று ஒன்றே கிடையாது. எந்த எழுத்து எந்த இடத்தில் நிற்கிறது, கோடு எங்கே போகிறது, அவ்வளவுதான். கோடில்லாத அட்டவணையில் இரண்டு நெடுவரிசை நெருங்கி நின்றால் எந்த நிரலாலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. 'சரிசெய்து தருவேன்' என்று எழுதிக் கொடுத்தால் ஒரே ஒரு கோணல் கோப்பு உங்கள் ஆண்டு வருமானத்தைச் சாப்பிட்டுவிடும். மணி நேர வரம்பு இல்லாமல் விற்பதும் அதே தவறு. பைத்தான் பதிப்பு பற்றிய வாக்குறுதி வேறு விஷயம். புதுப் பதிப்பு ஒவ்வோர் அக்டோபரிலும் வரும், எப்படியும் அந்த வேலையைச் செய்யத்தான் போகிறீர்கள். வாங்குபவருக்கோ அதுதான் பெரிய நிம்மதி.

அடுத்த 'அவசரம்' இஷ்யூ வரும்போது கோபம் காட்டாமல் எழுதுங்கள்: "வரிசையில் சேர்த்திருக்கிறேன், என் ஓய்வு நேரத்தில் பார்ப்பேன். தேதி உறுதி வேண்டுமென்றால் வணிக சப்போர்ட் பத்தியைப் பாருங்கள்." பத்தில் எட்டுப் பேர் மௌனமாகிவிடுவார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டு பேருக்காகத்தான் அந்தப் பத்தி.

ஒப்பந்தம் வந்ததும் ஒரே ஒரு விதியைத் தேடிப் படியுங்கள்: 'இப்பணியில் உருவாகும் அனைத்தும் வாடிக்கையாளருக்கே சொந்தம்.' கன்சல்டிங் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும். அப்படியே கையெழுத்துப் போட்டால், அவர்களுக்காகத் திருத்திய பக்கை உங்கள் லைப்ரரியிலேயே சேர்க்க முடியாது. 'பொது லைப்ரரியில் சேரும் மாற்றங்கள் எம்ஐடி லைசென்ஸில் வெளியாகும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், திருத்தம் அடுத்த ரிலீஸிலேயே வருவது அவர்களுக்கும் நல்லது.

சப்போர்ட் இரண்டு மூன்று விற்ற பிறகு விலைக்கான துணைப் பொதியைப் பற்றி யோசிக்கலாம். ஸ்கேன் செய்த பக்கங்களைப் படிப்பது, பெருந்தொகுதியாக ஓட்டுவது போன்றவை பொருத்தம். இதுவரை இலவசமாக இருந்த எதையும் பூட்டிவைக்காதீர்கள். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023-ல் தன் டெராஃபார்ம் மென்பொருளின் லைசென்ஸை இறுக்கியதும், பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற போட்டிக் கிளை கிளம்பியது. ரெடிஸ் தரவுத்தளத்தின் லைசென்ஸ் 2024-ல் மாறியதும் அதே போல வால்கீ கிளம்பியது. எம்ஐடியில் வெளியான பதிப்பைத் திரும்பப் பெற முடியாது, யார் வேண்டுமானாலும் அங்கிருந்து கிளை பிரிக்கலாம். ஏஜிபிஎல்லுக்கு மாறி, ஆர்ட்டிஃபெக்ஸ் போல இரட்டை லைசென்ஸ் விற்கும் எண்ணம் இருந்தால், அதன்பின் பிறர் அனுப்பும் ஒவ்வொரு நிரல் மாற்றத்துக்கும் (புல் ரெக்வெஸ்ட்) பங்களிப்பாளரின் எழுத்துபூர்வ சம்மதம் வாங்குங்கள். இல்லாவிட்டால் அவர் எழுதிய நிரலை விலை லைசென்ஸில் விற்க உங்களுக்கு உரிமை இல்லை.

கிளவுட் சேவையாக நடத்தச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். இந்த லைப்ரரிக்கு வேண்டாம். பேங்க் ஸ்டேட்மென்டையும் சம்பளப் பட்டியலையும் தெரியாத ஒருவரின் சர்வருக்கு எந்தக் கம்பெனி அனுப்பும்?

மானியம் தனிக் கணக்கு. பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா கட்டற்ற மென்பொருளுக்காக 2024 அக்டோபரில் தொடங்கிய ஃப்ளாஸ்/ஃபண்ட் என்ற நிதி ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கி, ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை தருவதாக அறிவித்தது. விண்ணப்பிக்க ஃபண்டிங்.ஜேசன் என்ற கோப்பை உங்கள் ரெபாசிட்டரியில் (கிட்ஹப்பில் நிரல் இருக்கும் இடம்) வைக்க வேண்டும். செலவு அரை மணி நேரம். போட்டுவிடுங்கள், ஆனால் அதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் வந்தால், அது எதற்கு வந்தது என்று காட்டும் நோக்கக் குறியீட்டை வங்கி கேட்கும். மென்பொருள் ஆலோசனைக்கு பி0802. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பதிந்தபின் ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதத்தைத் தாக்கல் செய்தால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமலேயே இன்வாய்ஸ் போடலாம். ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன விஷயம்: வேலை பார்க்கிறீர்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாக எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அதைவிட அகலமாகவும், வெளிவேலைக்குத் தடையோடும் எழுதியிருக்கலாம். முதல் இன்வாய்ஸுக்கு முன் அதை எடுத்துப் படித்துவிட்டு, இந்த லைப்ரரியின் பெயரைக் குறிப்பிட்டு ஹெச்ஆரிடம் மெயிலில் ஒப்புதல் வாங்குங்கள். வாய்வழி 'ஓகே' போதாது. சொன்ன மேனேஜர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.