மிச்சிகனில் பழைய மஸ்டாங் வாங்க நினைக்கும் தம்பிக்கு

தம்பி, டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூவில் ட்ரீம் க்ரூஸ் என்னும் பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பு, கையில் 12,000 டாலர் இருக்கிறது, அறுபதுகளின் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்) வண்டி ஒன்றை வாங்கிச் சரிசெய்து ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2011-இல் நான் வாங்கிய 1966 ஃபோர்டு மஸ்டாங் இன்றைக்கும் ஓடுகிறது.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் டிங்கர் வேலைக்குக் கூலி குறைவு, பார்ட்ஸ்தான் காசு என்று பழகியிருப்போம், இங்கே அப்படியே தலைகீழ். மஸ்டாங்குக்குத் தரைத்தகடு புதிதாகச் சில நூறு டாலருக்குக் கிடைக்கும், அதைப் பற்றவைத்துத் தரச் சொன்னால் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். அதனால் இன்ஜினைப் பார்த்து மயங்காதீர்கள், தகரத்தைப் பாருங்கள். இன்ஜின் மக்கார் செய்தால் வீட்டிலேயே கழற்றிப் பார்க்கலாம், பாடி அழுகியிருந்தால் உங்கள் 12,000 அதிலேயே கரைந்துவிடும்.

போன்டியாக் ஜிடிஓ, டாட்ஜ் சார்ஜர் என்றுதான் மனசு போகும், அந்தக் காசுக்கு அவற்றில் பெரும்பாலும் வெறும் கூடுதான் வரும். மஸ்டாங் கூபே பாருங்கள். அது மசில் கார் (பெரிய இன்ஜின் போட்ட வேக வண்டி) இல்லை, போனி கார் (அதைவிடச் சின்ன ஸ்போர்ட்டி வண்டி) என்று சிலர் வாதம் செய்வார்கள், விடுங்கள். 1966 மாடலில் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்தார்கள், அதனால்தான் இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லாப் பாகமும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்கத் தகரத்தில் அடித்திருக்கும் எண்ணை வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலோடு ஒத்துப் பாருங்கள். 66-இல் அதன் ஐந்தாவது எழுத்து டி (T) என்றால் ஆறு சிலிண்டர், சி (C), ஏ (A), கே (K) என்றால் 289 கன அங்குல வி8. ஆறு சிலிண்டர் வண்டியை வாங்கி அப்புறம் வி8 மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதன் சக்கரத்துக்கு நான்கே போல்ட், ஆக்ஸில், பிரேக் எல்லாமே சின்னது, அத்தனையும் மாற்ற வேண்டிவரும்.

துருவுக்கு வருவோம். இங்கே குளிர்காலம் முழுக்க ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்துப் போய்க் கதவின் அடிப்பக்கம், பின்சக்கரத்தின் மேல்வளைவு எல்லாம் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்த வண்டியை உண்மையில் கொல்லும் இடம் கண்ணுக்கே தெரியாது. முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுக்காக விட்ட துளைகள் வழியாக மழைநீர் ஒரு பெட்டிக்குள் இறங்கும், அதைக் கவல் என்பார்கள். அது அரித்துப்போனால் தண்ணீர் நேராக உங்கள் காலடியில் சொட்டும். நான் அதைப் பார்க்காமல் வாங்கிப் புதுத் தரை போட்டு, கார்பெட்டும் விரித்தேன். முதல் மழையிலேயே எல்லாம் ஊறிவிட்டது. ஒவ்வொரு ஸ்பாட் வெல்டாகத் துளைத்து அந்தக் கவல் பெட்டியைப் பிரித்துத் திரும்பப் பற்றவைக்க ஒரு குளிர்காலம் முழுவதும் போனது. அதனால் வாங்கும் முன்பே ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற அனுமதி கேளுங்கள், டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச்சோடு ஒருவர் படுத்துப் பார்க்கட்டும். விற்பவர் மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

வாங்கியதும் மொத்தமாகப் பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்துப் போட்டு, பத்து வருடம் கழித்து அட்டைப்பெட்டிகளில் விற்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். 66 வரை மஸ்டாங்கில் பிரேக் எண்ணெயை எல்லாச் சக்கரத்துக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒற்றை அறைதான், ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றிவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுங்கள். பெட்ரோல் ஹோஸ்களையும் மாற்றுங்கள், இங்கே பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் தாங்காது. பெயின்ட் கடைசியில்.

வெல்டிங் நானே கற்றுக்கொண்டேன், கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பு. பணம் மிச்சமானதே அதனால்தான்.

நீங்கள் அபார்ட்மென்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான லீஸில் பார்க்கிங்கில் வண்டி ரிப்பேர் கூடாது என்று இருக்கும், எடுத்துப் படியுங்கள். பூட்டுகிற கராஜ் இருந்தால்தான் பழைய வண்டி இன்சூரன்ஸும் சுலபம். ஹெச்1பி வேலை விசாவில் வந்திருந்தால் சரிசெய்து விற்று லாபம் பார்க்கும் யோசனையே வேண்டாம், சொந்தத்துக்கு ஒன்று வைத்துக்கொள்வது வேறு, தொழிலாகச் செய்வது வேறு.

வண்டி ஏதாவது கண்ணில் பட்டால் அடிப்பக்கப் படங்களை அனுப்புங்கள். சனிக்கிழமை என்றால் காந்தமும் வாளியும் எடுத்துக்கொண்டு நானே கூட வருகிறேன்.