இரவு டூட்டி யாருக்கு என்று பார்த்து வீடு தேடுங்கள்

கேள்வி: பண்ருட்டியில் இருக்கிறோம். கடந்த பிப்ரவரியில் ஜிப்மரில் நர்சிங் ஆபீசராகச் சேர்ந்தேன். கையில் 72,000 வருகிறது. கணவருக்குக் கடலூர் சிப்காட்டில் பகல் நேர வேலை, சம்பளம் 34,000. மகள் ஜூனில் ஏழாம் வகுப்பு. என் பெயரில் 2011-ல் 6 லட்சத்துக்கு வாங்கிய மனையை 2025 ஆகஸ்டில் 19 லட்சத்துக்கு விற்றோம். எங்கே குடியேறுவது என்று தெரியவில்லை. மஞ்சக்குப்பத்தில் அத்தை வீடு இருக்கிறது, வாடகை இல்லை. அரியாங்குப்பத்தில் 11,000-க்கு வீடு பார்த்தோம், லாஸ்பேட்டையில் 16,000. பட்டானூரில் 28 லட்சத்துக்கு மனை இருக்கிறது, உடனே வாங்காவிட்டால் விற்ற பணத்துக்குப் பெரிய வரி கட்ட வேண்டியிருக்கும் என்கிறார் புரோக்கர். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அந்த வரி பயத்தை எடுத்துவிடுகிறேன். அது இருக்கும்வரை வேறு எதையும் நிதானமாக யோசிக்க முடியாது.

உங்கள் லாபம் 13 லட்சம். 12.5 சதவீதம் என்றால் வரி 1,62,500. ஆனால் 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை என்பதால், பணவீக்கக் குறியீட்டின்படி வாங்கிய விலையை ஏற்றிக் கணக்கிட்டு, மீதி லாபத்துக்கு 20 சதவீதம் கட்டும் வழியும் உண்டு. 2011-12-க்குக் குறியீடு 184, 2025-26-க்கு 376. அப்படிப் பார்த்தால் உங்கள் 6 லட்சம் சுமார் 12.26 லட்சமாகிறது. லாபம் 6.74 லட்சம். வரி, செஸ் சேர்த்து ஏறத்தாழ 1.4 லட்சம். உங்கள் மற்ற வருமானத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம், குறையலாம்.

இப்போது பட்டானூர் மனையைப் பாருங்கள். தமிழ்நாட்டில் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 9 சதவீதம். 28 லட்சத்துக்கு 2.52 லட்சம். 1.4 லட்சம் வரிக்குப் பயந்து 2.52 லட்சம் செலவு செய்யச் சொல்கிறார்கள்! அதிலும் வெறும் மனை வாங்கினால் அந்த வரி போகாது. விலக்கு வீட்டுக்குத்தான். விற்ற நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வீடு வாங்க வேண்டும், அல்லது 3 ஆண்டுக்குள் கட்டி முடிக்க வேண்டும். மனைக்கும் பதிவுக்கும் 30.52 லட்சம் போய்விட்டால், 11 லட்சத்துக்கு மேல் கடன் சுமந்துகொண்டு வீடு கட்டப் பணத்துக்கு எங்கே போவீர்கள்?

அவகாசம் இருக்கிறது. இந்த ஜூலை 31-க்குள், வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கு முன், வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு ஒன்று திறந்து பணத்தை அதில் போடுங்கள். வீடு உங்கள் பெயரில் வாங்க வேண்டும், ஏனென்றால் விற்ற மனை உங்கள் பெயரில் இருந்தது. முழு விலக்கு வேண்டுமென்றால் விற்ற தொகை முழுவதும் வீட்டில் போக வேண்டும். பிறகு மனம் மாறினால் வரியைக் கட்டிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். 1.4 லட்சம் என்பது உங்கள் இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை.

சரி, எங்கே குடியேறுவது?

வாடகையை ஓரமாக வைத்துவிட்டு வீட்டில் யாருக்கு இரவு டூட்டி என்று பாருங்கள். உங்களுக்குத்தான். மஞ்சக்குப்பத்திலிருந்து ஜிப்மர் சுமார் 28 கிலோமீட்டர். அந்த ஊர்ச் சாலையை நான் நன்றாக அறிவேன். ஆல்பேட்டை தாண்டித் தென்பெண்ணைப் பாலம், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம், அப்புறம் முதலியார்பேட்டை, இந்திரா காந்தி சிலை, ராஜீவ் காந்தி சிலை என்று நகரத்தை முழுசாகக் கடந்துதான் ஜிப்மர் இருக்கும் கோரிமேடு. மாலை டூட்டி முடிந்து இரவில் அந்த வழியில் ஸ்கூட்டரில் தனியாக வர வேண்டும். இரவு டூட்டி முடித்தால் காலை நெரிசலில் தூக்கக் கலக்கத்தோடு திரும்ப வேண்டும். மாதம் 25 நாள், போக வர 56 கிலோமீட்டர் என்றால் 1,400 கிலோமீட்டர். பெட்ரோல் மட்டும் மூவாயிரத்தைத் தாண்டும். அதைக்கூடத் தாங்கலாம். தினமும் இரண்டரை மணி நேரம், மாதம் அறுபது மணி நேரத்துக்கு மேல் சாலையில் போகிறதே, அதற்கு வாடகை இல்லாத வீடு ஈடாகாது. நோயாளிக்கு ஊசி போடும் கை அது. தூக்கம் கெட்டால் அங்கே தவறு நடக்கும்.

நடுவில் அரியாங்குப்பம் எடுத்தால் இருவருக்கும் பாதிப் பாதி சிரமம் என்று தோன்றும். கணக்கு அப்படி வராது. கணவருக்குக் கடலூரைக் கடந்து சிப்காட் வரை தூரம் அப்படியொன்றும் குறையவில்லை, உங்களுக்கோ நகர நெரிசல் முழுவதும் அப்படியே இருக்கிறது.

என் யோசனை, லாஸ்பேட்டை அல்லது கோரிமேடு பக்கம் புதுச்சேரி எல்லைக்குள் 11 மாத ஒப்பந்தத்தில் வாடகைக்குப் போங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 44,900 என்றால், புதுச்சேரியில் வேலை செய்பவருக்கு 20 சதவீதம், அதாவது 8,980 வீட்டு வாடகைப்படி. வேலை பார்க்கும் ஊரை வைத்து இது தருவதால் மஞ்சக்குப்பத்தில் இருந்தாலும் இதே தொகை வரும் என்பது உண்மைதான். ஆனாலும் 16,000 வாடகையில் பாதிக்கு மேல் அதிலேயே அடங்கிவிடுகிறது. கூடவே ஜிப்மர் வளாகக் குடியிருப்புக்கு இன்றே மனுப் போட்டு வரிசையில் பெயர் ஏற்றுங்கள். கிடைத்தால் வாடகைப்படி நின்றுவிடும், ஆனால் இரவு டூட்டிக்கு நடந்தே போகலாம்.

இதில் கணவருக்குச் சிரமம் அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு நேர் ரயில் பாதை கிடையாது, பேருந்துதான். கம்பெனி பஸ் எங்கே வரை வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆனால் அவருடையது பகல் வேலை, உங்களுடையது நிரந்தர மத்திய அரசுப் பணி, சம்பளமும் இரண்டு மடங்கு. குடும்பம் உங்கள் வேலையைச் சுற்றி அமைவதே சரி. தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகள் எல்லாம் லாஸ்பேட்டைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஓராண்டுக்குள் அவர் அங்கே வேலை தேடட்டும். அதுவரை வாரத்தில் இரண்டு மூன்று இரவு அத்தை வீட்டில் தங்கிக்கொண்டால் அத்தைக்கும் துணையாக இருக்கும்.

எல்லையைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்வது மகளுக்காக. பட்டானூர் ஜிப்மருக்குப் பக்கம்தான், ஆனால் அது விழுப்புரம் மாவட்டம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம் என்று புரோக்கர் சொல்லியிருப்பார். மகளின் படிப்புக்கு முன்னால் அது சின்ன விஷயம். தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை, பொறியியலுக்கு எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் சுலபம். புதுச்சேரியில் தொடர்ந்து 5 ஆண்டு குடியிருந்ததற்கான சான்று கேட்பார்கள். ஜிப்மரின் எம்.பி.பி.எஸ். இடங்களிலும் புதுச்சேரிக்காரர்களுக்கென்று தனி இடங்கள் உண்டு. இப்போது பட்டானூரில் வீடும் புதுச்சேரியில் பள்ளியும் என்று வைத்தால், புதுச்சேரி குடியிருப்புச் சான்றும் கிடைக்காது, தமிழ்நாட்டுப் படிப்புக் கணக்கும் அறுந்துபோகும். பெற்றோரின் பூர்வீகச் சான்றுகளோடு தமிழ்நாட்டில் கேட்டு வாங்கலாம் என்றாலும் அலைச்சல்.

ஏழாம் வகுப்பில் போய்ச் சேர்ந்தால் பன்னிரண்டு முடியும்போது 6 ஆண்டு ஆகியிருக்கும், சான்றுக்குப் போதும். ஒன்பதாம் வகுப்பு வரை தள்ளிப்போட்டால் நாலே ஆண்டு, அப்போது இரண்டு பக்கமும் சிக்கல். அதனால் மாறுவதானால் இந்த ஜூனிலேயே மாறுங்கள். வாடகை ஒப்பந்தம், கேஸ் இணைப்பு, ஆதார் முகவரி, ரேஷன் அட்டை எல்லாவற்றையும் முதல் மாதத்திலேயே புதுச்சேரி முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் ஐந்து ஆண்டைக் காட்ட இந்தக் காகிதங்கள்தான் துணை. வண்டிக்கும் கணக்கு உண்டு, வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் பதிவை மாற்ற வேண்டும்.

ஒப்பந்தம் போடும் முன் தண்ணீரை விசாரியுங்கள். ஃபெஞ்சல் புயலின்போது, 2024 டிசம்பர் 1 காலை வரை ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கிருஷ்ணா நகரிலும் ரெயின்போ நகரிலும் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். 2015 மழையில் நான் கடலூரில் குறைந்த வாடகை என்று பிடித்த வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்கள் கூழாகின, நகல் வாங்க எட்டு மாதம் அலைந்தேன். அதற்குப் பிறகு வீட்டுக்காரரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். தெருமுனை மளிகைக் கடைக்காரரிடமும் இஸ்திரி போடுபவரிடமும்தான் கேட்பேன். ஃபெஞ்சலுக்கு இங்கே எதுவரை வந்தது என்றால் கையால் காட்டிவிடுவார்கள்.

சொந்த வீட்டை வரும் மழைக்காலம் முடிந்து ஜனவரியில் தேடுங்கள். 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்கு ரயில் வரப்போகிறது என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். எத்தனையோ ஆண்டாகப் பேசப்படும் திட்டம் அது, இன்னும் தண்டவாளம் போடவில்லை. அதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பக்கம் மனை பார்த்தால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இல்லாததைத் தொடவே வேண்டாம். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பாடு இன்னும் பலருக்குத் தீரவில்லை.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். டூட்டி இல்லாத நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு லாஸ்பேட்டையில் இரண்டு பள்ளிக்குப் போய், ஏழாம் வகுப்பில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் கிடைத்த பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு தேடலாம்.