சோலார் பெனலை எத்தனை வருடம் பாவிக்கலாம்?

கேள்வி: சோலார் பெனல் பொருத்தினால் 25 வருடங்களில் கழற்றி எறிய வேண்டும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் பக்கத்து மூடுபனியும் மழையும் அதன் ஆயுளைக் குறைக்குமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: 25 வருடம் என்பது பெரும்பாலான உற்பத்தியாளர்கள் மின்னுற்பத்திக்குத் தரும் உத்தரவாதக் காலமே தவிர, பெனலின் ஆயுள் அன்று. தரமான பெனலின் திறன் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.5 சதவீதமே குறைவதால், அக்காலம் கடந்த பின்னரும் அது ஆரம்பத் திறனில் 80 சதவீதத்துக்கும் மேல் தரக்கூடும். கண்ணாடி வெடித்தாலோ, பின்புறத் தாள் உரிந்து ஈரம் உட்புகுந்தாலோதான் மாற்ற நேரும். முதலில் செலவு வைப்பது, பெனல் தரும் மின்சாரத்தை வீட்டுப் பாவனைக்கு ஏற்றவாறு மாற்றும் இன்வேர்ட்டர்தான். பொதுவாக 10 முதல் 15 வருடங்களில் அதை மாற்ற வேண்டிவரும் என்பதால், அத்தொகையையும் இப்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி அன்றைய உற்பத்தியைக் குறைக்குமே ஒழிய ஆயுளைக் குறைக்காது. பெனலின் வெப்பநிலை 25 பாகை செல்சியஸைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை சரிவதால், மலையகக் குளிர் உண்மையில் அனுகூலமே. ஆனால் பெனலைச் சுற்றியுள்ள சட்டகத்தின் கீழ்விளிம்பில் நீர் தேங்கிப் பாசி படரும். அதை வெயில் ஏறுமுன் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள், கம்பித் தூரிகை வேண்டாம். கூரைத் தகரம் துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்; பின்னர் தகரத்துக்காகப் பெனல்களைக் கழற்றுவது இரட்டைச் செலவு.