18650 பற்றரியின் உறையில் எழுதியிருக்கும் அளவை நம்பலாமா?

இலத்திரனியல் சிகரெட்டுக்காகப் புறக்கோட்டையில் வாங்கிய 18650 பற்றரியில் ‘9900 மில்லி அம்பியர் மணி (கொள்ளளவு), 40 அம்பியர் (மின்னோட்டம்)’ என்றிருப்பதை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப வேண்டாம். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட கலத்தில், தரமான தயாரிப்புகளே பெரும்பாலும் 3500 மில்லி அம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கின்றன; கூடிய கொள்ளளவும் கூடிய மின்னோட்டமும் ஒரே கலத்தில் சேர்ந்து கிடைப்பதுமில்லை.

முறையான சோதனையில், கலத்தை 4.2 வோல்ற்று வரை மின்னேற்றி ஆறவிட்டு, 10, 15, 20 அம்பியர் எனப் படிப்படியாக, மாறா மின்னோட்டத்தில், தயாரிப்பாளர் குறித்த வோல்ற்றளவின் கீழெல்லை வரை மின்னிறக்கி, ஒவ்வொரு தடவையும் வோல்ற்றளவையும் மேற்பரப்பின் வெப்பநிலையையும் பதிய வேண்டும். 20 அம்பியர் சுமை விழுந்த கணமே 3.3 வோல்ற்றுக்குக் கீழே சரிந்தால் உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குக் கலமே காட்டும் எதிர்ப்பு, மிகுதி என்று பொருள். அப்படி இழக்கும் சக்தி முழுவதும் கலத்துக்குள்ளேயே வெப்பமாகிறது. உறையில் அச்சிடும் அம்பியர் எண் பெரும்பாலும் சில வினாடித் துடிப்புக்கானது, தொடர் பாவனைக்கானதன்று.

மின்சுற்றுக் கட்டுப்பாடற்ற கருவியில் 0.15 ஓம் வெப்பச் சுருள், முழுதாக மின்னேற்றிய கலத்திலிருந்து 28 அம்பியரை இழுக்கும் என்பதையும் கணக்கிற் கொள்ளுங்கள். நேர்முனை விளிம்பில் பிளாஸ்டிக் உறை கிழிந்த கலத்தைச் சோதிக்கவே வேண்டாம். வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை என்பதால், அங்கே ஓர் உலோகத் தொடுகையே குறுக்குச் சுற்றுக்குப் போதும். இத்தகைய சோதனைகளை வீட்டு மேசையில் செய்யாதீர்கள்.