மருத்துவர் பதில்கள்: மனநல மாத்திரையும் குழந்தைப்பேறும்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் கணவர் மனச்சிதைவு நோய்க்காக ஐந்து ஆண்டுகளாக ரிஸ்பெரிடோன் மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது நலமாக இருக்கிறார். மஞ்சக்குப்பத்தில் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலைக்குப் போகிறார். திருமணமாகி மூன்று ஆண்டுகளாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருக்குத் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்துவிட்டது. விந்தணுக்கள் குறைவாக இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. மருந்துக் கடையில் ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்தார்கள். மனநல மாத்திரையை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார் என் மாமியார். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: சகோதரி, ரிஸ்பெரிடோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2012இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 100க்கு 64 பேருக்கு ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் அந்த எண்ணிக்கை 27தான். உங்கள் கணவர் வேலைக்குப் போய் வருவது அந்த மாத்திரையின் துணையால்தான் என்பதை மாமியாரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பேரக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்ற அவரது ஏக்கம் நியாயமானது. அதற்கு அவர் சொல்லும் வழிதான் ஆபத்தானது.

இனி, குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். மனச்சிதைவு மருந்துகள் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்து நோயைக் கட்டுப்படுத்துகின்றன. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து, தாய்ப்பால் சுரக்க உதவும் புரோலாக்டின் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்காமல் பிடித்துவைத்திருப்பதும் அதே டோபமின்தான். அந்தப் பிடி தளர்ந்தால் புரோலாக்டின் உயர்கிறது. அது உயர்ந்தால் விரைகளை இயக்கும் ஹார்மோன்கள் குறைந்து, டெஸ்டோஸ்டிரோனும், ஆசையும், விந்தணு உற்பத்தியும் இறங்கலாம். ரிஸ்பெரிடோன், பாலிபெரிடோன், அமிசல்பிரைடு, ஹாலோபெரிடால் ஆகியவை புரோலாக்டினை அதிகம் உயர்த்துபவை; குவெட்டியாபின், க்ளோசாபின் மிகக் குறைவாகவே உயர்த்துகின்றன; அரிப்பிப்ரசோல் பலருக்கு அதை இறக்கவே செய்கிறது. இன்னொன்றும் உண்டு. ரிஸ்பெரிடோன் சிலருக்கு விந்துவை வெளியே வரவிடாமல் சிறுநீர்ப்பைக்குள் திருப்பிவிடும். உறவின்போது விந்து மிகக் குறைவாகவோ வராமலோ இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதன்பின் எடுக்கும் சிறுநீரைப் பரிசோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

உடலின் செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்தான் ஆன்டி ஆக்சிடன்ட். அதைப் பற்றிய பேச்சு எலிகளிடம் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. மனச்சிதைவு மருந்துகளைக் கொடுத்த எலிகளின் விரைகளில் ஆக்சிஜனேற்றச் சேதம் காணப்பட்டதும், வைட்டமின் ஈ போன்றவற்றைச் சேர்த்துக் கொடுத்தபோது அது குறைந்ததும் உண்மை. ஆனால் எலியிடம் கண்டதை உங்கள் கணவருக்கு உறுதிமொழியாகத் தர முடியாது. விந்தணுக் குறைவுக்காகப் பொதுவாகச் சிகிச்சைக்கு வந்த ஆண்களுக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், கார்னிடின் முதலியவற்றைக் கூட்டாகக் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2020இல் வெளியானது. மருந்தில்லாத வெற்று மாத்திரையை விட அது விந்தணுக்களை மேம்படுத்தவில்லை. அதே ஆண்டில், 2,370 தம்பதியரில் ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் கொடுத்துச் செய்யப்பட்ட ஆய்விலும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை. வயிற்றுத் தொல்லைதான் கூடியது. வைட்டமின் தீங்கு செய்யாது என்ற எண்ணமும் சரியன்று: நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் ஈ சாப்பிட்ட ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் தெரியவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயர்ந்துவிட்ட புரோலாக்டினை இந்த மாத்திரை இறக்கும் என்று நம்ப இடமில்லை. ஒழுகும் குழாயை அடைக்காமல் தரையை மட்டும் துடைப்பதைப் போன்றது அது. அந்தப் பணத்தை இரத்தப் பரிசோதனைக்குச் செலவிடுங்கள்.

மாத்திரை எழுதிக்கொடுக்கும் மனநல மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போய், குழந்தை வேண்டும் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஊரில் நோயாளிகள் இதைச் சொல்வதில்லை, மருத்துவர்களும் கேட்பதில்லை. இந்த மௌனத்தால் ஆண்டுகள் வீணாவதைக் காண எனக்கு வருத்தமாக இருக்கிறது. காலையில் எழுந்து ஓரிரு மணி நேரம் கழித்து, பதற்றமில்லாமல் அமர்ந்த பிறகு புரோலாக்டினுக்கு இரத்தம் எடுக்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன், சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்கலாம். புரோலாக்டின் உயர்ந்திருந்தால் அளவைக் குறைப்பதா, அரிப்பிப்ரசோலைச் சேர்ப்பதா, வேறு மருந்துக்கு மெல்ல மாறுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். மாற்றும் வாரங்களில் தூக்கம் குறைகிறதா, பிறர்மீது காரணமில்லாத சந்தேகம் தலைகாட்டுகிறதா என்று நீங்கள் கவனித்துவர வேண்டும். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆவதால், மாற்றம் செய்து மூன்று மாதமாவது கழித்தே விந்துப் பரிசோதனையைத் திரும்பச் செய்வதில் பொருள் உண்டு. அடுப்பின் வெக்கையும் விந்தணுக்களுக்கு ஆகாது. வேறு பிரிவுக்கு மாற முடியுமா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்க்கட்டும். புகைப் பழக்கம் இருந்தால் விட வேண்டும். நீங்களும் மகப்பேறு மருத்துவரிடம் உங்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறை ஒருவரிடம் மட்டுமே இருக்கும் என்று முன்கூட்டியே முடிவுகட்ட வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 29. அமிசல்பிரைடு சாப்பிடத் தொடங்கியபின் மாதவிடாய் நின்று ஆறு மாதமாகிறது. மார்பில் பால் கசிகிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. வைட்டமின் மாத்திரையில் சரியாகுமா?
– வாசகி, வில்லியனூர்

பதில்: இதில் வெட்கப்பட எதுவும் இல்லை, அம்மா, இது அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவு. ஆனாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்து பாருங்கள், பிறகு புரோலாக்டின். அது மிக அதிகமாக இருந்தாலோ, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்திருந்தாலோ, பிட்யூட்டரியில் கட்டி இல்லை என்று ஸ்கேன் எடுத்து உறுதிசெய்ய வேண்டும். மாதவிடாய் நீண்ட காலம் நின்றிருந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பும் தேயும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கு மனநலப் பிரிவும் நாளமில்லாச் சுரப்பிப் பிரிவும் உள்ளன. மருந்தை மாற்றியபின் மாதவிடாய் வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் கருத்தடை முறையை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின் மாத்திரை இதைத் தீர்க்காது. குறிப்பாக, பி6 அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் கைகால் நரம்புகள் மரத்துப்போகும்.

கேள்வி: ஓலன்சாபின் என்ற மனநல மாத்திரை சாப்பிடும் என் தம்பி, குழந்தை வேண்டும் என்பதற்காகச் சிகரெட்டை ஒரேயடியாக நிறுத்தப் போகிறான். நல்லதுதானே?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: மிக நல்லது, ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்தட்டும். சிகரெட் புகை ஓலன்சாபினையும் க்ளோசாபினையும் உடலிலிருந்து வேகமாக வெளியேற்றுகிறது. புகை நின்றதும் அதே மாத்திரையின் அளவு இரத்தத்தில் ஏறி, தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரலாம். மருத்துவர் தேவைப்பட்டால் அளவைக் குறைத்துக் கொடுப்பார். இடையில் சந்தேகம் எழுந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.